"ரெஸ்ட் எடுங்க"ன்னு எழுதிக் கொடுத்தா போதுமா? கணுக்கால் வெளிப்பக்க வலி பற்றி ஒரு நீண்ட இழை

1/
"ரெஸ்ட் எடுத்தேன் சார். வேலை போச்சு. வலி போகல."

சில வருஷங்களுக்கு முன்னாடி என் ஓ.பி.யில் ஒரு வாட்ச்மேன் அண்ணன் சொன்னது இது. கோபமா கூட சொல்லல, தகவல் சொல்ற மாதிரி சொன்னார். இன்னைக்கு வரைக்கும் என்னால மறக்க முடியல. ஏன்னா அந்த ரெஸ்ட்டை எழுதிக் கொடுத்தது நான்தான்.

2/
அதுக்கு இரண்டு மாசம் முன்னாடி கணுக்கால் வெளிப்பக்கம் வலின்னு வந்திருந்தார். எக்ஸ்ரே எடுத்தேன், எலும்பு முறிவு இல்லை. மாத்திரை, கிரேப் பேண்டேஜ், "6 வாரம் முழு ஓய்வு". அஞ்சு நிமிஷத்துல முடிச்சு அனுப்பிட்டேன்.

என்ன வேலை பார்க்கிறீங்க, எத்தனை மணி நேரம் நிற்கிறீங்க, லீவு கிடைக்குமான்னு ஒரு கேள்வி கேட்கல. மூணாவது வாரம் அவர் இடத்துல வேற ஆளைப் போட்டுட்டாங்க. ஓய்வு முடிஞ்சு நடக்க ஆரம்பிச்சதும் அதே இடத்துல அதே வலி.

3/
நான் ஒரு எலும்பு மருத்துவர். இந்த வலியை ஓ.பி.யில் அடிக்கடி பார்க்கிறேன். ஜவுளிக்கடையில் நிற்பவர்கள், செக்யூரிட்டி, நர்ஸ், டீ மாஸ்டர், டிராஃபிக் போலீஸ், பாதயாத்திரை போய் வந்தவர்கள்.

பெரும்பாலானவர்களுக்கு ஊசியும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம். வேண்டியது அளவான வேலையும், பொறுமையும், உட்கார ஒரு நாற்காலியும். அதை ஏன் சொல்றேன்னு கொஞ்சம் விரிவா பார்ப்போம்.

4/
முதலில் இடத்தைப் புரிஞ்சுக்குவோம். கணுக்காலின் வெளிப்பக்கம் உருண்டையா ஒரு எலும்பு துருத்திட்டு இருக்கும். அதுக்குப் பின்னாடி விரலை வைங்க. இப்போ பாதத்தின் வெளி ஓரத்தை மேல்நோக்கி, வெளிப்பக்கமா தூக்குங்க.

விரலுக்கு அடியில் கயிறு மாதிரி ஒன்னு விறைக்குதா? அதுதான் பெரோனியல் தசைநாண். தசையை எலும்போட இணைக்கிற கயிறு. ஆங்கிலத்தில் டெண்டன்.

5/
உண்மையில் அங்கே இரண்டு கயிறு இருக்கு. இரண்டும் முழங்காலுக்குக் கீழே, காலின் வெளிப்பக்கத் தசைகளிலிருந்து வருது. கணுக்கால் எலும்புக்குப் பின்னாடி ஒரு பள்ளத்துல இறங்கி, முன்பக்கமா திரும்புது.

ஒன்னு, பாதத்தின் வெளி ஓரத்துல சுண்டுவிரல் எலும்போட அடிப்பகுதியில் ஒட்டும். இன்னொன்னு, உள்ளங்காலுக்கு அடியில் குறுக்கே ஓடி பெருவிரல் எலும்போட அடிப்பகுதியில் ஒட்டும்.

6/
வேலை என்ன? பாதம் உள்பக்கமா மடங்கிடாம பிடிச்சு நிறுத்துறது. பஸ் படியிலிருந்து இறங்கும்போது, குண்டும் குழியுமான ரோட்டுல நடக்கும்போது, கல் மேல கால் பட்டதும் விழாம சமாளிக்கிறோமே, அந்த நொடியில் வேலை செய்றது இந்த இரண்டு கயிறும்தான்.

கிணத்து உருளையில் கயிறு எங்க வளையுதோ அங்கதான் முதல்ல நைஞ்சு போகும். இதுவும் அப்படித்தான். எலும்பைச் சுற்றி வளையும் இடத்தில்தான் அழுத்தமும் உரசலும் அதிகம். அங்கே ஒரு கயிறு, எலும்புக்கும் இன்னொரு கயிறுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நசுங்கும். அதனால அது நீளவாக்கில் பிரியுறதும் உண்டு.

7/
நம்ம ஊர்ல இதுக்கு பல பேர் இருக்கு. "நரம்பு இழுத்துக்கிச்சு", "ஜவ்வு போயிடுச்சு", "பழைய சுளுக்கு", "வாயு".

நரம்பு வேற. அது கரண்ட் வயர் மாதிரி. அதில் பிரச்னை என்றால் எரிச்சல், மரத்துப்போதல் வரும். ஜவ்வு என்பது எலும்பை எலும்போடு கட்டும் நார். கால் மடங்கினா முதலில் அடிபடுவது அதுதான். அந்த வலி பெரும்பாலும் கணுக்கால் எலும்புக்கு முன்பக்கம், கொஞ்சம் கீழே இருக்கும்.

தசைநாண் வலி எலும்புக்குப் பின்னாடி தொடங்கி, கீழே இறங்கி, பாதத்தின் வெளி ஓரம் வரை ஓடும். இரண்டும் ஒரே ஆளுக்கு சேர்ந்து இருப்பதும் சகஜம்.

8/
யாருக்கு வரும்?

- முன்பு கால் மடங்கி, சரியா ஆறாம விட்டவர்களுக்கு
- உள்ளங்கால் வளைவு உயரமா இருந்து, குதிகால் உள்பக்கமா சாய்ந்தவர்களுக்கு. எடை முழுக்க வெளி ஓரத்துல விழும்
- திடீர்னு நடையைக் கூட்டியவர்களுக்கு. வருஷம் முழுக்க வண்டியில போயிட்டு, தைப்பூசத்துக்கு பழனிக்கு நடக்கிறவங்க இதுக்கு நல்ல உதாரணம்
- வெளி ஓரம் தேய்ந்த செருப்பை மாத்தாதவர்களுக்கு
- சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு. சர்க்கரை தசைநாணை விறைப்பாக்கும், ஆறுவதையும் தாமதப்படுத்தும்

9/
இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. சில ஆன்டிபயாடிக் மாத்திரைகள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை. இவை தசைநாணைப் பாதிக்கலாம், அரிதாக அறுந்துபோகவும் செய்யும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008லேயே இதற்குக் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை கொடுத்தது. 60 வயது தாண்டியவர்களுக்கும், கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

வயித்துப்போக்கு, யூரின் இன்ஃபெக்‌ஷன்னு மெடிக்கல்ல நாமளே கேட்டு வாங்கிப் போடுற மாத்திரைகள் இவை. புதுசா தசைநாண் வலி வந்தா, சமீபத்துல என்ன மாத்திரை சாப்பிட்டீங்கன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

10/
சரி, உள்ளே என்ன நடக்குது?

ரொம்ப காலம் நாங்களும் இதை வெறும் வீக்கம், அழற்சி என்றுதான் நினைத்தோம். அழற்சி என்றால் ஐஸ், மாத்திரை, ஓய்வு, ஊசி. கணக்கு சரியா இருந்தது.

ஆனால் நாள்பட்ட தசைநாண் வலியில் அந்தத் திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அழற்சி செல்கள் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. இழைகள் ஒழுங்கு குலைந்து, சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி கிடக்கின்றன. 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், "டெண்டினைட்டிஸ்" என்ற பெயரையே கைவிடுங்கள் என்று ஒரு கட்டுரை வந்தது. அழற்சி முக்கியப் பிரச்னை இல்லை என்றால், அழற்சிக்கான வைத்தியம் மட்டும் எப்படிப் போதும்?

11/
தசைநாண் ஒரு உயிருள்ள திசு. அதன் மேல் எவ்வளவு பாரம் விழுகிறதோ, அதற்கேற்ப தன்னை பலப்படுத்திக்கொள்ளும். பாரமே இல்லை என்றால் பலவீனமாகும்.

6 வாரம் ஓய்வு எடுத்தால் வலி குறையும், உண்மைதான். கூடவே கயிறும் பலமிழக்கும், தசையும் மெலியும். அதன் பிறகு ஒரே நாளில் 10 மணி நேரம் நிற்கப் போனால்? மாசக்கணக்கா படுத்திருந்தவரை எழுப்பி மூட்டை தூக்கச் சொல்ற மாதிரிதான்.

என் வாட்ச்மேன் அண்ணனுக்கு நடந்தது இதுதான். அவர் நான் சொன்னதை அப்படியே கேட்டார். நான் சொன்னதுதான் பாதி வைத்தியம்.

12/
இதற்கு மருத்துவ உலகில் ஒரு சுவாரசியமான கதை உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன். ஓட்டப் பழக்கம் உள்ளவர். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாணில் தீராத வலி. ஆபரேஷன் செய்யுங்கள் என்று தன் மேலதிகாரியிடம் கேட்டார். அவர் மறுத்துவிட்டார்.

சரி, கயிறு அறுந்தா ஆபரேஷன் செஞ்சுதானே ஆகணும்னு, வலிக்க வலிக்க குதிகாலை ஏற்றி இறக்கி பாரம் கொடுத்தார். அறுக்கப் போன கயிறு ஆறிப்போச்சு. அவரே பேட்டிகளில் சொன்ன கதை இது.

13/
அதை அவர் முறையா ஆராய்ந்து 1998ல் வெளியிட்டார். அக்கிலிஸ் வலியால் ஓட முடியாமல் இருந்த 15 பேருக்கு, 12 வாரம், தினமும் இரண்டு வேளை அந்தப் பயிற்சி. 15 பேரும் திரும்ப ஓடினார்கள். சின்ன ஆராய்ச்சிதான். ஆனால் தசைநாண் வைத்தியத்தின் திசையையே அது மாற்றியது.

கவனிக்க: அது அக்கிலிஸ். நம்ம வெளிப்பக்க தசைநாண் பற்றி அந்த அளவுக்கு ஆராய்ச்சிகள் நடக்கவில்லை. ஆனால் அடிப்படை ஒன்றுதான். கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏற்றினால் தசைநாண் தேறும்.

14/
அப்போ ஓய்வே தப்பா? இல்லை.

புதுசா அடிபட்டு, வீங்கி, கால் ஊன்றவே முடியாத நிலையில் சில நாட்கள் ஓய்வு அவசியம். வலி கடுமை என்றால் 2 முதல் 4 வாரம் வரை, முழங்காலுக்குக் கீழே மாட்டும் பூட் போட்டு நடக்கச் சொல்வோம். அதன் பிறகு தேவை "குறைத்த வேலை". வலியை ஏற்றும் விஷயங்களை மட்டும் குறைத்து, மற்றதைத் தொடர வேண்டும்.

"முழு ஓய்வு" என்பதற்கும் "குறைத்த வேலை" என்பதற்கும் நடுவுலதான் ஒருத்தரோட சம்பளம் இருக்கு.

15/
அடுத்து ஊசி. "சார், ஒரு ஊசி போட்டா சரியாயிடுமாமே?" ஓ.பி.யில் நான் அதிகம் கேட்கும் கேள்வி.

ஸ்டீராய்டு ஊசி வலியை வேகமாக் குறைக்கும். பிரச்னையே அதுதான். வலி இல்லைன்னு அடுத்த நாளே முழு வேலைக்குப் போவோம், கயிறு அப்படியேதான் இருக்கும். ஊசி கயிறுக்குள்ளேயே இறங்கிவிட்டால் அதை இன்னும் பலவீனமாக்கும், அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு.

2010ல் லான்செட் இதழில் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முழங்கை வெளிப்பக்க தசைநாண் வலியில், ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் முதல் சில வாரங்கள் நன்றாக இருந்தார்கள். மாதங்கள் போகப் போக, போடாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள்.

16/
பி.ஆர்.பி. ஊசி? நம்ம ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியை திரும்பச் செலுத்துவது. கேட்க நல்லா இருக்கும், விலையும் நல்லா இருக்கும்.

அக்கிலிஸ் வலிக்கு 2010ல் நெதர்லாந்தில் 54 பேரிடம் பார்த்தார்கள். பி.ஆர்.பி. போட்டவர்களுக்கும் வெறும் உப்புத் தண்ணீர் ஊசி போட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2021ல் பிரிட்டனில் 240 பேரிடம், போடுவது போல பாவனை மட்டும் செய்த ஊசியோடு ஒப்பிட்டார்கள். அப்போதும் வித்தியாசம் இல்லை.

கடன் வாங்கி இந்த ஊசி போட்டுட்டு வர்றவங்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமா இருக்கு. முதல் வைத்தியமாக இது வேண்டாம் என்பது என் கருத்து.

17/
சுளுக்கு வழிக்கிறது? வலிக்கிற இடத்துல எண்ணெய் போட்டு மெதுவா தடவினா சுகமா இருக்கும், தப்பில்லை. ஆனால் அடிபட்ட புதுசில் அழுத்தி வழிப்பதும், "சொடக்கு எடுக்கிறேன்"னு பாதத்தைத் திருப்புவதும் வேண்டவே வேண்டாம். உள்ளே எலும்பு விரிசல் இருக்கலாம், பாதி கிழிந்த நார் முழுசா கிழியலாம்.

18/
ஸ்கேன்? வெளிப்பக்க கணுக்கால் வலி என்று வந்ததும் எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. தேவை இல்லை. தொட்டுப் பார்த்தும், பாதத்தை வெளிப்பக்கம் தள்ளச் சொல்லி கையால் எதிர்த்துப் பிடித்தும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு சின்ன ரகசியம். இந்த தசைநாண் எலும்பைச் சுற்றி வளைவதால், எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்துக்குக் கிட்டத்தட்ட 55 டிகிரி கோணத்தில் வரும் இடத்தில், நல்ல கயிறும் கெட்டது போல் வெள்ளையாகத் தெரியும். வலியே இல்லாதவர்கள் ஸ்கேனிலும் மாற்றங்கள் தெரிவதுண்டு. ரிப்போர்ட்டில் ஒரு வரியைப் பார்த்துட்டு "என் கால் போச்சு"ன்னு பயந்துடாதீங்க. வைத்தியம் ஆளுக்குத்தான், படத்துக்கு இல்லை.

19/
இப்போ போன வருஷம் வந்த ஒரு அக்கா கதைக்கு வர்றேன். அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷன். 40 வயசு தாண்டியாச்சு. காலை 10 முதல் இரவு 9 வரை நிற்கணும், நடுவுல குடோனுக்கு மாடிப்படி ஏறி இறங்கணும். 8 மாசம் முன்னாடி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் மடங்கியிருக்கு. ஒரு கட்டு, இரண்டு ஊசி. வேற இடத்துல "3 மாசம் வேலைக்குப் போகாதீங்க"ன்னு சொல்லியிருக்காங்க.

"3 மாசம் போகலன்னா பிள்ளைங்க ஃபீஸ் யார் சார் கட்டுறது? அதான் வலியோடவே போய்ட்டு இருக்கேன்."

20/
வாட்ச்மேன் அண்ணன் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை முதலில் கேட்டது காலைப் பற்றி இல்லை, வேலையைப் பற்றி. அப்புறம் "செருப்பைக் கழட்டி மேஜை மேல வைங்கக்கா"ன்னேன். தயங்கித் தயங்கி வைத்தார். இரண்டு செருப்பும் வெளி ஓரத்துல தேய்ஞ்சு சாய்ஞ்சிருந்தது.

அவருக்குச் சொன்ன பயிற்சிகளை இங்கே எழுதுறேன். முதலில் ஒரு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டி, இது தசைநாண் வலிதான்னு உறுதி செஞ்சுட்டு ஆரம்பிங்க.

21/
முதல் கட்டம், சுமார் 2 வாரம்.

நாற்காலியில் உட்காருங்க. பாதத்தின் வெளி ஓரத்தை சுவரோடு ஒட்டி வைங்க. பாதம் அசையாமல், சுவரை வெளிப்பக்கமா அழுத்துங்க. 30 முதல் 45 நொடி. அப்புறம் ஒரு நிமிஷம் விடுங்க. இப்படி 5 தடவை, தினமும் இரண்டு வேளை.

கயிறு நீளாமல், உரசாமல் பாரம் மட்டும் ஏறும். பலருக்கு இதிலேயே வலி கொஞ்சம் அடங்கும்.

22/
இரண்டாம் கட்டம், 3 முதல் 6 வாரம்.

ரப்பர் பேண்ட் வாங்கணும்னு அவசியம் இல்லை. பழைய சைக்கிள் டியூப் போதும். இரண்டு பாதத்தையும் சேர்த்து வளையமா மாட்டுங்க. குதிகால் தரையில் இருக்க, வலிக்கிற பாதத்தை மெதுவா வெளிப்பக்கம் கொண்டு போங்க. 3 எண்ணுங்க. திரும்பி வரும்போதும் 3 எண்ணி மெதுவா வாங்க. டக்குன்னு விட்டுடாதீங்க, திரும்பி வர்றதுதான் முக்கியமான பாதி.

15 தடவை, 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முழங்கால் அசையாம பாதம் மட்டும் அசையணும்.

23/
மூன்றாம் கட்டம், 6 வாரத்துக்கு மேல்.

சுவரைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி நில்லுங்க. மேலே போகும்போது எடை பெருவிரல் பக்கம் விழணும், சுண்டுவிரல் பக்கம் சாயக்கூடாது. முதலில் இரண்டு காலில். 15 தடவை 3 சுற்று சுலபமான பிறகு ஒற்றைக் காலில்.

கூடவே ஒற்றைக் காலில் 30 நொடி நிற்கப் பழகுங்க. அந்த அக்கா தினமும் பல் தேய்க்கும்போது செஞ்சாங்க. தனியா நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. பழைய சுளுக்கு உள்ளவர்களுக்கு கால் திரும்ப மடங்காமல் இருக்க இது ரொம்ப உதவும்.

24/
எவ்வளவு வலி வரலாம்? இதுதான் எல்லாருக்கும் வரும் சந்தேகம்.

10க்கு 3, 4 அளவு வலி வந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் எழுந்து முதல் சில அடி நடந்து பாருங்க. நேற்று காலை இருந்த அளவே இருந்தால் சரியான பாதையில் போறீங்க. கூடியிருந்தால் நேற்று செய்தது அதிகம். நிறுத்த வேண்டாம், அளவைக் குறையுங்க.

12 வாரம் ஆகும். சிலருக்கு 6 மாசம். தசைநாண் மெதுவாத்தான் ஆறும், அதுக்குக் குறுக்குவழி கிடையாது.

25/
செருப்பு. குதிகாலைப் பின்னாடி பிடிக்கிற வார் உள்ளதா, அடிப்பாகம் முறுக்கினா எளிதில் முறுங்காததா பாருங்க. வெளி ஓரம் தேய்ஞ்சா மாத்திடுங்க. குதிகால் உள்பக்கம் சாய்ந்தவர்களுக்கு செருப்புக்குள் வெளிப்பக்கம் சின்ன ஆப்பு வைத்தால் நல்ல பலன். அதை டாக்டர் பார்த்துச் சொல்லணும். நிற்கும் நேரத்துக்கு மட்டும் கணுக்கால் பிரேஸ் போடலாம்.

வலி மாத்திரை சில நாட்களுக்கு மட்டும். அல்சர், கிட்னி பிரச்னை, ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.

26/
வீட்டில் வைத்தியம் பார்க்காமல் உடனே காட்ட வேண்டியவை:

- கால் மடங்கிய பிறகு 4 அடி கூட நடக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பின் பின் ஓரத்திலோ நுனியிலோ, பாதத்தின் வெளி ஓர எலும்பிலோ அழுத்தினால் வலித்தால். கனடாவின் ஒட்டாவாவில் 1992ல் உருவான விதி இது. எக்ஸ்ரே எடுக்கணும்
- பாதத்தை அசைக்கும்போது கயிறு எலும்பைத் தாண்டி "டக்"னு வழுக்கினால்
- பாதத்தை வெளிப்பக்கம் தூக்கும் பலம் திடீர்னு போனால்
- சிவந்து, சூடாகி, காய்ச்சலும் இருந்தால்
- கெண்டைக்கால் வீங்கி வலித்தால்
- சர்க்கரை நோயாளிக்கு மரத்துப்போன பாதம் சூடாக வீங்கினால். வலி இல்லைன்னு விட்டுடாதீங்க, பாத எலும்புகள் உருக்குலைந்துபோகும் நிலையாக இருக்கலாம்

27/
ஆபரேஷன் யாருக்கு? கயிறு பெரிய அளவில் கிழிந்தவர்களுக்கு, எலும்பைத் தாண்டி வழுக்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு, ஒழுங்காக 3 முதல் 6 மாசம் பயிற்சி செய்தும் பலன் இல்லாதவர்களுக்கு. அவர்களுக்கு அது நல்ல வைத்தியம். பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

"ஒழுங்காக" என்பதைக் கவனியுங்க. 10 நாள் செஞ்சுட்டு "எக்சர்சைஸ் எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன் டாக்டர்"னு வர்றவங்கதான் ஜாஸ்தி.

28/
இப்போ அந்த அக்காவுக்கு நான் எழுதிய இன்னொரு மருந்து.

என் லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தேன்: "இவர் வேலையில் தொடரலாம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை 2, 3 நிமிடம் உட்கார வேண்டும். 6 வாரத்துக்கு மாடிப்படி ஏறி பாரம் தூக்கும் வேலை தவிர்க்கவும்."

அதை வாங்கிப் பார்த்துட்டு அக்கா சிரிச்சாங்க. "உட்கார்றதுக்கு சீட்டு எழுதித் தர்றீங்களா சார்? எங்க கடையில உட்கார்ந்தா திட்டுவாங்க."

29/
அப்போதுதான் அவருக்குச் சொன்னேன், உங்களுக்கும் சொல்றேன். தமிழ்நாட்டில் 2021ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் உட்கார இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்காரலாம். கேரளாவில் 2018லேயே இது வந்துவிட்டது.

ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் யாருடைய காலுக்காக வந்ததோ, அந்தக் காலுக்கு அது தெரியாது. நாங்களும் பிரிஸ்கிரிப்ஷனில் அதை எழுதுவதில்லை.

30/
மேனேஜர் முதலில் "இதெல்லாம் டாக்டர் சொல்ற விஷயமா"ன்னு கேட்டாராம். ஒரு வாரம் கழிச்சு கவுண்டருக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல் வந்தது. "கஸ்டமர் வந்தா உடனே எழுந்திரிக்கணும்" என்ற நிபந்தனையோட.

4 மாசம் கழிச்சு அக்கா வந்தாங்க. வலி முழுசா போகல. 10க்கு 7 இருந்தது 2 ஆகியிருக்கு. தீபாவளி கூட்டத்துல கொஞ்சம் கூடி, திரும்ப அடங்கியிருக்கு. ஒரு நாள் சம்பளம் கூட போகல. "அந்த ஸ்டூல்ல இப்போ நாங்க 6 பேர் மாத்தி மாத்தி உட்கார்றோம் சார்"னாங்க. எனக்கு அந்த வலி குறைஞ்சதைவிட இது சந்தோஷமா இருந்தது.

31/
என் சக மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ரெஸ்ட்" என்பது ஒரு மருந்து. அதற்கும் டோஸ் உண்டு, பக்கவிளைவு உண்டு, விலையும் உண்டு. மாசச் சம்பளமும் மெடிக்கல் லீவும் இருக்கிற நமக்கு அந்த விலை தெரிவதில்லை. தினக்கூலிக்கு அந்த விலை, வீட்டு வாடகை. எழுதுறதுக்கு முன்னாடி "என்ன வேலை பார்க்கிறீங்க?"ன்னு ஒரு கேள்வி கேட்போம். அரை நிமிஷம்கூட ஆகாது.

எதை நிறுத்தணும்னு மட்டும் எழுதாம, எதைத் தொடரலாம், எவ்வளவு செய்யலாம் என்பதையும் எழுதிக் கொடுப்போம்.

32/
மக்களுக்கு: ரெஸ்ட் எடுக்கச் சொன்னா, "எத்தனை நாள்? என்ன மட்டும் செய்யக்கூடாது? எப்போ என்ன பயிற்சி ஆரம்பிக்கணும்?"னு மூணு கேள்வி கேளுங்க. அது உங்க உரிமை. ஊசின்னு சொன்னா, "இதுக்கு அப்புறம் என்ன?"ன்னு கேளுங்க.

கடை வைத்திருப்பவர்களுக்கு: ஒரு ஸ்டூல் போடுங்க. பத்து வருஷம் சேலை விரிச்சுப் பழகின கையை, ஒரு கணுக்காலுக்காக இழக்காதீங்க.

33/
அந்த வாட்ச்மேன் அண்ணன் அதுக்கப்புறம் என்கிட்ட வரல. வந்தா இந்தத் தடவை அந்த சீட்டை வேற மாதிரி எழுதிக் கொடுத்திருப்பேன். முதலில் ஒரு மன்னிப்பும் கேட்டிருப்பேன்.

நின்னு வேலை பார்க்கிற யாராவது உங்க வீட்டுல, தெருவுல இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க. கேள்வி இருந்தா கீழே கேளுங்க, ஓ.பி. முடிச்சுட்டு ராத்திரி பதில் சொல்றேன்.